கன்ட்ரோல் நான்கு

ஜனவரி 8, திங்கள்

லேப் நோட்டில் எழுதக்கூடாததை எழுத இந்த நோட்டை வாங்கினேன். அதில் எத்தனை மில்லி, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று மட்டும்தான் எழுதலாம். "உன் அபிப்பிராயம் வேண்டாம், கோகிலா. நடந்ததை மட்டும் எழுது" என்று ஆய்வகத் தலைவர் மீனலோசனி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சென்னைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தோல் துறையின் மரபணு ஆய்வகம், மூன்றாம் மாடி. அடையாள அட்டையில் 'திட்ட உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எங்கள் காலனி முழுக்கக் காட்டிவிட்டது.

இன்று கன்ட்ரோல் ஒன்று குறைந்தது. கன்ட்ரோல் என்றால் நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத ஒருவரின் ரத்தம். ஆள் கிடைக்காவிட்டால் லேப்பில் இருப்பவர்களே கையை நீட்டிவிடுவது இங்கே வழக்கம். ஷாஹிதா அக்கா, ஆராய்ச்சி மாணவி, சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீ நல்லாத்தானே இருக்கே? கையை நீட்டு."

"எனக்கு ஊசின்னா பயம்க்கா."

"ஊசிக்குப் பயந்தவ எதுக்கும்மா பயோடெக் படிச்சே? பேங்குக்குப் போயிருக்கலாம்ல? உட்காரு."

கையுறையைக் கழற்றாமலே முழங்கை மடிப்பைக் காட்டினேன். விரல்களை மூடிக்கொள்ளச் சொன்னார். ஏற்கெனவே மூடித்தான் வைத்திருந்தேன். ஊதா மூடிக் குழாயில் 'கன்ட்ரோல் 4' என்று ஒட்டினார். பெயர் எழுதுவதில்லை. பதிவேட்டில்: 'ஆரோக்கியமான பெண், வயது 23.'

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாட்டில் சத்தே இல்லை.

ஜனவரி 10, புதன்

அந்த ரத்தம் எந்த நோயாளிக்காக என்று இன்று தெரிந்தது. ஒன்பது வயதுப் பெண். தேவஸ்ரீ. ஊத்தங்கரைப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

தலைமுடி கம்பளி நூல் மாதிரி சுருண்டு, தொட்டால் உடைகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை மஞ்சளாகத் தடித்து, ரேகை தெரியாமல், ஓரங்களில் வெடித்திருந்தது. பாதமும் அப்படியே. நான் படம் எடுக்கவேண்டும். "கையை விரி பாப்பா" என்றேன். அவள் விரிக்கவில்லை. முஷ்டியை மடியில் ஒளித்துக்கொண்டாள். எப்படி ஒளிப்பது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவள் அம்மா சுகுணா அதட்டினார். "காட்டுடி! டாக்டரம்மா என்ன கடிச்சா தின்னப்போறாங்க?"

"நான் டாக்டர் இல்லைங்க."

என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம பக்கமா கண்ணு நீ?" என்றார். பிறகு என் பின்னலைப் பார்த்தார். நான் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தேன். காதோரத்தில் எப்போதும் சில முடிகள் சுருண்டு வெளியே வந்துவிடும். சுகுணாவின் கண் அங்கேயே நின்றது. பிறகு என் கையுறைக்கு இறங்கியது.

ஒளி போதவில்லை என்று சொல்லி கேமராவைச் சரிசெய்யப் போனேன்.

ஜனவரி 16, செவ்வாய் (வீடு)

பொங்கலுக்கு வந்தேன். வீடு பெருக்கினேன். இட்லிக்கு ஆட்டினேன். அம்மாவின் ரேஷன் அட்டைக்குக் கைரேகை விழவில்லையா என்று கேட்டேன். "எனக்கு எப்பவும் விழும். உனக்கும் மாதேசுக்கும்தான் மிஷினு அடம் பிடிக்குது" என்றது.

தம்பிக்கு இருபது வயது. போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ். இனி உடல்தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடவேண்டும். காலையில் ஏரிக்கரையில் நான் போனில் நேரம் பார்த்தேன். ஆறு நிமிடம் பத்து நொடி. நின்றதும் முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. கடைசி ரவுண்டுல டிவிய ஆஃப் பண்ண மாதிரி ஒரு செகண்டு கறுப்பாயிரும். அப்புறம் வந்துரும்."

"எத்தனை நாளா?"

"ஏ, வந்ததும் கலெக்டர் மாதிரி விசாரிக்கிற. காலையில வெறும் வயிறுக்கா. எல்லாருக்கும் ஆகும்."

எல்லாருக்கும் ஆகும். எனக்கும் படியில் ஆகிறது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து பிளேடால் குதிகாலைச் சீவினான். தேங்காய் ஓடு சீவுவதுபோல் தூள் விழுந்தது. அம்மா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்படியே உங்கப்பன் காலு. கல்லு மேல நடந்தாலும் குத்தாது."

அப்பா கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர். அம்மாவுக்குத் தாய்மாமன். எனக்குப் பன்னிரண்டு வயதில், மதியம் லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வயது முப்பத்தாறு. வெயில் என்றார்கள். அவர் உள்ளங்கை தடிப்பைப் பார்த்தவர்கள் எல்லாம் உழைத்த கை என்றார்கள்.

நான் சம்மட்டி பிடித்ததில்லை. நான்காம் வகுப்பில் டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "வீட்டுல உன்கிட்ட வேலை வாங்குறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

ஜனவரி 19, வெள்ளி

திரும்பினேன். துணி துவைத்தேன். கையுறை ஒரு பெட்டி தீர்ந்துவிட்டது.

ஜனவரி 24, புதன்

தேவஸ்ரீயின் இ.சி.ஜி. வந்தது. இதயப் பிரிவில் உடனே சேர்த்துவிட்டார்கள். சுகுணாவுக்குப் புரியவில்லை. "கை வெடிப்புக்குக் களிம்பு வாங்கிப்போக வந்தோம், நெஞ்சுல என்னத்தை ஒட்டிவைச்சிருக்காங்க?" என்று வராந்தாவில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் எங்களை உட்காரவைத்து விளக்கினார். டெஸ்மோபிளாக்கின் என்று ஒரு புரதம். ஆறாவது குரோமோசோமில் அதற்கான மரபணு. தோலில் ஒரு செல்லும் அடுத்த செல்லும் சில இடங்களில் சட்டைப் பொத்தான் போட்ட மாதிரி பூட்டியிருக்கும். அந்தப் பொத்தானை உள்ளிருந்து தைத்து நிறுத்துகிற நூல் டெஸ்மோபிளாக்கின். நூல் இற்றுப்போனால், இழுபடும்போதெல்லாம் செல்கள் விட்டுப்போகும். அதிகம் அழுந்துகிற இடம் உள்ளங்கையும் பாதமும். உடம்பு பயந்துபோய் அங்கே தோலைத் தடிக்கவைக்கிறது. முடியும் அதனால்தான் அப்படி.

"உடம்புல ஓயாம இழுபடுற இடம் இன்னொண்ணு இருக்கு. எது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஹார்ட்" என்றார் ஷாஹிதா அக்கா.

"அங்கேயும் இதே பொத்தான். அங்கே விட்டுப்போனா தோல் மாதிரி தடிக்காது. செல் செத்து, அந்த இடத்துல கொழுப்பும் தழும்பும் வரும். துடிப்பு தாறுமாறாகும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஓடுவாங்க, ஆடுவாங்க. ஒரு நாள் ஓடும்போதே விழுந்துடுவாங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே பிழை வந்து சேரும்."

குறிப்பு எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

மரபணுவின் எழுத்துகளை வரிசையாகக் காட்டும் படம் வந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு நிறமாக நான்கு நிற முகடுகள் ஓடும். தேவஸ்ரீக்கு ஓர் எழுத்து விடுபட்டு, அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போயிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று கன்ட்ரோல்களில் எழுத்து இருந்தது. கன்ட்ரோல் நான்கில் இல்லை. அதே இடம். அதே எழுத்து.

ஷாஹிதா அக்கா இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "அச்சு அசலா ஒண்ணா இருக்கே. கோகிலா, குழாயை மாத்திட்டியா?"

மேடம் வந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஒரு குழந்தையோட சாம்பிளைக் கன்ட்ரோல்ல ஊத்திவைச்சிருக்கே. இதுதான் நீ வேலை பார்க்கிற லட்சணமா?"

மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கையுறையைக் கழற்றினால் வாக்கியம்கூட வேண்டாம்.

"சாரி மேடம்" என்றேன்.

ஜனவரி 31, புதன்

கன்ட்ரோல் நான்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் எடுக்கச் சொன்னார்கள். அலுவலகத்து சேவியர் அண்ணன் கை நீட்டினார். லேப் நோட்டில் 'கன்ட்ரோல் 4: மாசுபட்டது. நீக்கப்பட்டது' என்று நானே எழுதினேன்.

மாசு என்றும் இருக்கலாம். குழாய் மாறுவது நடக்காத காரியம் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

மாதேஷ் கூப்பிட்டான். அழைப்புக் கடிதம் வந்துவிட்டதாம். எட்டாம் தேதி, காலை ஆறு மணி, மாவட்ட ஆயுதப்படை மைதானம்.

"அக்கா, அஞ்சு அம்பத்தஞ்சு! நேத்து ஓடினது. நம்ம சரவணன் வாயைப் பிளந்துட்டான்."

"கறுப்பாச்சா?"

"அது பாட்டுக்கு ஆகும்."

"மாதேசு, கொஞ்ச நாள் ஓடாத இருக்கியா?"

"லூசாக்கா நீ? எட்டாம் தேதிக்கு நடந்தா போறது?"

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

தலைக்குக் குளித்தேன். ஷாஹிதா அக்கா கொடுத்த பிரியாணி. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் இரண்டு முறை. காரம் அதிகம்.

பிப்ரவரி 5, திங்கள்

தேவஸ்ரீ இறந்துவிட்டாள். காலை பத்தரைக்கு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. மருத்துவர்கள் முக்கால் மணி நேரம் போராடினார்களாம்.

நான் இதயப் பிரிவுக்குப் போகவேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். சுகுணா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மடியில் குழந்தையின் செருப்பு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. என் பக்கத்தில் நகர்ந்து, நான் கையை இழுப்பதற்குள் கையுறையோடு பிடித்துக்கொண்டார். கட்டைவிரலால் என் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். ரப்பருக்கு மேலேயே தெரிந்திருக்கும்.

"அன்னிக்கே பார்த்தேன் கண்ணு" என்றார். "நம்மளுக்குத் தெரியாதா? இது இருந்தும் படிச்சு வேலைக்கு வந்திருக்குதே, நம்ம பிள்ளையும் இப்படி வந்துரும்னு நினைச்சேன். உன்னைப் பார்த்துத்தான் தைரியமா இருந்தேன்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உனக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

இருக்கிறான் என்று சொன்னேன்.

"அவனுக்கு?"

பிப்ரவரி 6, செவ்வாய்

மேடம் அறைக்குப் போனேன். கதவருகில் கொஞ்சம் நின்றேன். ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "சீக்கிரம் சொல்லு" என்றார்.

"மேடம், கன்ட்ரோல் நான்கு மாசுபடலை."

"முடிஞ்ச விஷயம் அது."

"அது நான் மேடம்."

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தேன். மேசை விளக்கு நேராக அவற்றின்மேல் விழுந்தது. இத்தனை வருடத்தில் யார் முன்னாலும் நானாக விரித்ததில்லை. மேடம் பேனாவை மூடினார். தொடப் போகிறார் என்று நினைத்தேன். தொடவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா தோல் டிபார்ட்மென்ட்ல என் கண்ணு முன்னாடி உலாத்திட்டு இருந்திருக்கே" என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. "நாளைக்கே ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்."

"நாளன்னிக்குத் தம்பி ஓடறான் மேடம்."

போலீஸ் தேர்வைச் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன். மேடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதினார். 'பரிசோதனை முடியும்வரை எந்த ஓட்டத்திலும் பங்கேற்கக் கூடாது' என்ற வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

மாதேஷுக்கு நாலு முறை கூப்பிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தான். முழுக்கச் சொன்னேன்.

"யாரோ ஒரு பாப்பா செத்ததுக்கு நான் ஏன்க்கா ஓடக்கூடாது?"

"ஒரே மாதிரி கைடா. ஒரே எழுத்து."

"எழுத்தாம் எழுத்து. உனக்கும்தானே இருக்கு? நீ நல்லாத்தானே இருக்கே?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பிறகு போன் அணைந்தே இருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

நேற்று மதியம் பஸ் ஏறினேன். மாதேஷ் அதற்குள் நண்பர்களோடு டவுனுக்குப் போய்விட்டான், எங்கே தங்குகிறான் என்று தெரியவில்லை என்று அம்மா போனில் சொன்னது. நானும் டவுனில் அத்தை வீட்டில் தங்கி விடியலில் மைதானத்துக்குப் போனேன். வெளியே நூற்றுக்கணக்கில் பையன்கள். மார்பில் எண் ஒட்டிய துணி. பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

வாசலில் ஒரு பெண் எஸ்.ஐ. "உள்ளே விடமுடியாதும்மா. தம்பிக்கு ஆல் த பெஸ்ட்டெல்லாம் சாயந்தரம் சொல்லிக்கோ."

கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படிக்காமல், "எதுவா இருந்தாலும் முடிஞ்சப்புறம்" என்றார். உள்ளே ஒலிபெருக்கியில் நானூறிலிருந்து நானூற்றிருபது வரை கூப்பிட்டார்கள். மாதேஷ் நானூற்றுப் பதினொன்று. கோட்டில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தான். சின்னதாக வெட்டிய தலையில் முடி எறும்பு எறும்பாகச் சுருண்டு தெரிந்தது.

நான் கல்லூரியில் பெயர் கூப்பிட்டால்கூட 'உள்ளேன்' சொல்ல வராமல் கை மட்டும் தூக்கியவள். என்ன குரலில் கத்தினேன் என்று தெரியவில்லை.

"நானூத்திப் பதினொண்ணுக்கு ஹார்ட்ல வியாதி! அவன் ஓடினா செத்துருவான்!"

எல்லோரும் திரும்பினார்கள். எஸ்.ஐ. என் தோளைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் பக்கம் நின்ற டாக்டர் வந்து கடிதத்தை வாங்கினார். இரண்டு முறை படித்தார். மைதானத்தைக் கடந்து போய் மாதேஷின் கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு குனிந்து ஷூவைக் கழற்றச் சொன்னார். அவ்வளவு பேர் முன்னால். பிறகு அவனை வரிசையிலிருந்து வெளியே கூட்டிவந்தார். விசில் ஊதினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள்.

அவன் ஷூவைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தான்.

"நீ படிச்சதுக்கு எங்களுக்குக் கிடைச்சது இதுதானாக்கா?"

பிப்ரவரி 9, வெள்ளி (வீடு)

மாதேஷ் பேசவில்லை. அம்மா சமைக்கவில்லை. நானே சோறு வைத்தேன்.

சாயங்காலம் அம்மா தானாகவே ஆரம்பித்தது. "அப்போ உங்கப்பனுக்கும் இதுதான்கறியா?"

"இருக்கலாம்மா. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அப்படித்தான்."

"சம்மட்டி புடிச்சுக் காய்ச்சுப்போன கைடீ அது! பதினாலு வயசுல இருந்து கல்லு ஒடைச்ச மனுசன். அந்தக் கையால ஒடைச்சுதான் உன்னைப் படிக்கவைச்சான். அதைப் போயி சீக்குங்கிற. ஊரு முழுக்க உழைச்ச கைன்னுதான் சொல்லிச்சு."

"உழைச்ச கைதான்மா. நான் அதை இல்லைன்னு சொல்லலை."

"எல்லாம் என் வழியா வந்ததுன்னு சொல்லு. தாய்மாமனைக் கட்டினதாலன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ."

பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கிளம்பும்போது மாதேஷ் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். "ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அடுத்த வருசம் ஓடுவேன். அதுக்குத்தான் வரேன். உனக்காக இல்ல" என்றான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தான். வேலூர் வந்ததும் ஒரு கொய்யாவைப் பாதியாகக் கடித்து மீதியைப் பின்னால் நீட்டினான்.

பிப்ரவரி 15, வியாழன்

எக்கோ அறை. மேடமே வந்து பெயர் கொடுத்தார். தம்பியை முதலில் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம். இதயப் பிரிவு டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு, தம்பியின் இதயத்தில் வலது பக்க அறை கொஞ்சம் விரிந்திருக்கிறது என்றார். ஆரம்பம்தான், மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் துடிப்பைச் சரிசெய்ய தோலுக்கடியில் ஒரு கருவி வைக்கலாம். ஓட்டம் இனி இல்லை. "அன்னிக்கு ஓடியிருந்தா இன்னிக்கு இங்கே வந்திருக்க மாட்டே தம்பி" என்றார்.

மாதேஷ் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டான். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி, உனக்கு எப்போ?" என்றான்.

"இன்னொரு நாள் பார்த்துக்கலாம்டா. எனக்குப் பெரிசா ஒண்ணும் தெரியலை. படி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? என் நம்பரை மைதானத்துல கத்தினேல்ல? போ. போகலைன்னா நான் இங்கே கத்துவேன்."

போனேன்.

எக்கோ பார்ப்பவர் வயதான அம்மா. பெயர் ஸ்டெல்லா. நல்ல பேச்சுக்காரர். ஜெல்லைத் தடவியபடியே எந்த ஊர் என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றதும், "மாம்பழ ஊரு! என் மருமகளுக்கும் அந்தப் பக்கம்தான். மல்கோவாவுக்கு அங்கேயே என்ன விலை சொல்றான் பாரு, அநியாயம்" என்றார். இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். கருவியை விலா எலும்புக்கு நடுவே வைத்து அழுத்தினார். "மருமக சொல்லுவா, செந்தூரா வந்தாத்தான் சீசனே ஆரம்பம்னு. ஒரு தடவ கூடை நிறையக் கொண்டுவந்தா, பிள்ளைங்க எல்லாம்…"

கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். திரையை என் பார்வையிலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளைங்க எல்லாம்?" என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு கையால் பின்னால் தடவி, டாக்டரைக் கூப்பிடும் மணியை அழுத்தினார்.